கல்லோயாக் கரையிற் பிறந்த துள்ளிசை

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரை வீதியிற் பெரியநீலாவணையைக் கடந்தால், ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பதைக் காணலாம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பெயர்ப்பலகைகள் மாறுமேயன்றி வீடுகளின் வரிசை அறுவது அரிது. முஸ்லிம் ஊர் முடியும் இடத்தில் தமிழ் ஊர் தொடங்கும். அது முடியும் இடத்தில் மீண்டும் முஸ்லிம் ஊர். கிழக்கே கடல்; மேற்கே வயல். இந்தக் கரையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் 'சின்ன மாமியே' என்னும் பாட்டைக் கேட்டதுண்டா என்று வினவினால், இல்லை என்பவரைக் காண்பது கடினம். சொற்களை மறந்தவருக்கும் தாளம் விரல் நுனியில் நிற்கும். அப்பாட்டு எங்கே பிறந்தது என்று கேட்டாலோ, யாழ்ப்பாணம் என்பார் சிலர். கொழும்பு என்பார் சிலர். இக்கரையிலிருந்து ஏறத்தாழ 15 கட்டை தொலைவில் உள்ள அம்பாறை நகரே அதன் பிறப்பிடம் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

காரைதீவுச் சந்தியில் மேற்கே பிரியும் வீதி வயல்வெளியை ஊடறுத்து அம்பாறைக்குச் செல்கிறது. சுதந்திரத்தின் பின் இலங்கை மேற்கொண்ட முதற் பெருந் திட்டமாகிய கல்லோயாத் திட்டம் 1949ஆம் ஆண்டில் தொடங்கியது. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயர் பெற்ற பெரு நீர்த்தேக்கம் உருவாயிற்று. அத்திட்டத்தின் தலைமையிடமாகக் காட்டிடையே எழுந்த நகரமே இன்றைய அம்பாறை. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம் தனியே அமைந்தபோது அதன் தலைநகரும் அதுவே ஆயிற்று. பொறிகளும் வாய்க்கால்களும் நிறைந்த அத்தகைய நகரில் தொழினுட்பக் கல்விக்கு ஒரு நிலையம் அமைந்தமை இயல்பே. ஹார்டி தொழினுட்ப நிறுவனம் என்னும் பெயரை இலங்கையிற் கல்வித்துறை சார்ந்தோர் யாவரும் அறிவர்.

நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் அங்கு வந்து தங்கிப் படித்தனர். அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். 1960களின் இறுதியில் மாணவராய் அங்கிருந்த காலத்திலேயே அவர் கிற்றாரை மீட்டித் தாமே இயற்றிய பாடல்களைச் சகமாணவர் முன்னிலையிற் பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' முதலியன அவர் புகழுக்குக் காரணமான பாடல்கள். தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று அவரைப் பின்னாளிற் பலரும் அழைத்தனர். தந்தை எனும் பட்டத்தை வழங்குவதில் தமிழர் தாராளமானவர் என்பது உண்மையே. எனினும் இவ்விடத்தில் அது பெரிதும் பொருந்துகிறது.

மாணவர் விடுதி ஒன்றில் இசைக்குழு தோன்றுவதற்குப் பெரிய ஆயத்தங்கள் வேண்டியதில்லை. வீட்டுப் பெரியோரின் கண்ணுக்கு எட்டாத தொலைவு. விளக்கு வைத்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லாத மாலைகள். யாரோ ஒருவன் கொண்டுவந்த கிற்றார். மேசையையோ வாளியையோ தட்டத் தெரிந்த இருவர். இவ்வளவும் எல்லா விடுதிகளிலும் உண்டு. அம்பாறையில் மேலும் ஒன்று இருந்தது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். சிங்கள இளைஞர் எங்கே கூடினும் அங்கே பைலா இருக்கும். 1956 ஜூன் மாதத்தில் இதே கல்லோயாப் பள்ளத்தாக்கில் மூண்ட இனக்கலவரத்திற் பலர் உயிரிழந்தனர் என்பதையும் இங்கு நினைவில் வைத்தல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், அதே நகரில் ஒரு தமிழ் மாணவன் அயலவரின் தாளத்தை எடுத்துத் தன் ஊர்ப் பேச்சைப் பாடலாக்கினான்.

அந்தத் தாளத்திற்கும் ஒரு நீண்ட கதை உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் அவர்களுடன் வந்த இசையும், அவர்களாற் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் ஆட்டமும் கலந்து இலங்கைக் கரைகளில் வேரூன்றின. கபிரிஞ்ஞா என்று அதற்குப் பெயர். மட்டக்களப்பிலுள்ள பறங்கியர் சமூகத்திடையே அவ்வாடலும் பாடலும் பல தலைமுறைகள் வாழ்ந்தன. கொல்லன் பட்டறையிலும் தச்சுப் பட்டறையிலும் உழைத்த அம்மக்கள் கல்யாணக் கொட்டகையில் வயலினோடு அதனை ஆடினர். 1940களில் வொலி பஸ்தியன் என்னும் பொலிஸ்காரர் அத்தாளத்திற்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாட, அது பைலா என்னும் பெயரில் நாடெங்கும் பரவியது. ஆறு எண்ணிக்கையில் இரு முறை அடி விழும் அத்தாளத்தைக் கேட்டுக் கால் அசையாதிருப்பது இலங்கையருக்கு இயலாத காரியம்.

1960களின் நடுப்பகுதியிற் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் சேர்ந்த மூன்ஸ்டோன்ஸ் என்னும் குழு மின்கிற்றாருடன் சிங்கள மெல்லிசைக்குப் புதிய வழி காட்டியது. அவர்களுடைய தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று 'மாங்கோ நெந்தே'. மாம்பழம் விற்கும் மாமியை விளித்துப் பாடுவது. தமிழிற் புகழ் பெற்ற முதற் பொப்பிசைப் பாட்டும் ஒரு மாமியையே விளிப்பது சுவையான ஒற்றுமை. ஒன்றைப் பார்த்து ஒன்று பிறந்தது என்று சொல்லவேண்டியதில்லை. மாமியைக் கேலி செய்தும் கெஞ்சியும் பாடும் உரிமை இந்நாட்டில் எல்லா இளைஞருக்கும் பொதுவானது.

அக்காலத்து வானொலியைக் கேட்டவர்கள் இதன் புதுமையை உணர்வர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைகளிற் கருநாடக இசை இருந்தது. சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல் நாள் முழுவதும் இருந்தது. இவ்விரண்டிலும் இலங்கைத் தமிழன் தன் வீட்டிற் பேசும் பேச்சு மட்டும் இருக்கவில்லை. நாடகத்தில் அது நகைச்சுவைக்காக வந்துபோயிற்று. பாட்டு என்றால் வேறு மொழி, வேறு ஊர், வேறு நிலா என்பதே வழக்கம். அந்நிலையில், ஓர் இளைஞன் மாமி வீட்டு வாசலில் நின்று அவள் மகளைப் பற்றி விசாரிப்பதும், மாமி சுடச்சுட விடை சொல்வதும், பேசும் தமிழிலேயே மூன்று நிமிடப் பாட்டாக வந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காராமல் என்ன செய்வர்? கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற அறிவுரையும் அவ்வாறே. திண்ணையிலிருந்து கிழவி ஒருத்தி சொல்லும் புத்தியை ஆடத்தக்க தாளத்தில் வைத்தமையால், குடிப்பவரும் அதனைச் சேர்ந்து பாடினர்.

கல்முனைக் கரையில் அப்பாட்டு இத்துணை ஒட்டிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இக்கரையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மாமி என்பவள் வெறும் உறவுக்காரி அல்லள், மாமியாராகக் கூடியவள். மாமன் மகளும் மாமி மகளும் மச்சி. மணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குச் சென்று வாழ்வதே இங்குள்ள வழக்கம். வீடும் பெண்ணுக்கே கொடுக்கப்படும். ஆகவே மாமியின் வாசற்படியில் நிற்கும் இளைஞன் ஒரு பெண்ணை மட்டும் கேட்டு நிற்பவனல்லன். தான் வாழப்போகும் வீட்டையும் பார்த்து நிற்பவன். வயற்காவற் பரணிலும் நெல் குற்றும் முற்றத்திலும் பிறந்த இக்கரையின் நாட்டார் கவிகளிலும் மச்சானும் மச்சியும் இடையில் நிற்கும் தாயும் ஓயாது வருவர். உரும்பிராய் இளைஞர் இதையெல்லாம் ஆராய்ந்து பாடினார் என்பதற்கில்லை. அவர் பாடியது இக்கரையில் ஏற்கெனவே இருந்த ஒரு பாட்டின் இடத்திற் போய் அமர்ந்துகொண்டது.

இனி, கடல் கடந்து ஒரு நகரத்தைப் பார்ப்போம். கிற்றாரில் மூன்று பிடிகள், ஊர்ப் பேச்சு, மூன்று நிமிடத்துக்குட் பாட்டு என்னும் இதே அமைப்பு மேலைநாட்டிற் சில ஆண்டுகள் கழித்து வேறொரு பெயருடன் தோன்றியது. பங்க் என்றார்கள். 1974இல் நியூயோர்க்கிற் கூடிய றமோன்ஸ் என்னும் குழு 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள்; அத்தனையும் அரை மணிக்குள் முடிந்துவிடும். வித்துவான்களுக்கே மேடை என்றிருந்த றொக் இசையில், தெரிந்ததை வைத்துக்கொண்டு உடனே பாடு என்ற துணிவே பங்க். அதில் முழக்கத்தையும் கோபத்தையும் சற்றே தணித்து, இனிய மெட்டையும் காதலையும் ஏற்றியபோது அது பொப் பங்க் ஆயிற்று.

அவ்வகையில் நினைவுகூரத்தக்க குழு வட அயர்லாந்தின் டெறி நகரில் எழுந்தது. அண்டர்டோன்ஸ் என்பது அதன் பெயர். ஓனீல் சகோதரர் இருவர், மைக்கல் பிராட்லி, பில்லி டொஹேட்டி, பாடகராகிய பேர்கல் ஷார்க்கி என ஐவர். டெறி அப்போது எத்தகைய நகரம் என்பதை இலங்கையருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இரு சமூகங்கள் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்தன. வீதியில் இராணுவம் நின்றது. 1972 ஜனவரி 30ஆம் நாள் ஊர்வலத்தின்மீது படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். அந்நகரில் வளர்ந்த ஐந்து இளைஞரும் பெரும்பாலும் எதைப் பாடினர் என்றால், அடுத்த தெருப் பெண்ணைப் பற்றியும், உறவுக்காரப் பையனின் தொல்லையைப் பற்றியுமே பாடினர். வெடிகுண்டைப் பற்றி ஏன் பாடவில்லை என்று வெளியூரார் குறை கூறினர். குண்டுச் சத்தத்தை நாள்தோறும் கேட்பவன் மாலையிற் பாட வேறொன்றைத் தேடுவான் என்பது குறை கூறியோருக்குத் தோன்றவில்லை.

1978 ஜூன் மாதத்தில் அவர்கள் பெல்பாஸ்ற் நகருக்குச் சென்று, இசைத்தட்டுக் கடை ஒன்றை நடத்திய டெறி ஹூலி என்பவரின் உதவியுடன் நான்கு பாட்டுகளைப் பதிந்தனர். செலவு ஏறத்தாழ 200 பவுண். அவற்றுள் ஒன்று 'டீனேஜ் கிக்ஸ்'. தட்டு பி.பி.சி. வானொலியின் ஒலிபரப்பாளர் ஜோன் பீல் கையிற் சேர்ந்தது. அவர் அதனை ஒலிபரப்பினார்; முடிந்ததும் மறுபடியும் அதையே ஒலிபரப்பினார். ஒரே பாட்டை அடுத்தடுத்து இரு முறை வைப்பது வானொலி நிலையத்தில் எவ்வளவு அரிய செயல் என்பதை அத்துறையில் உள்ளோர் அறிவர். சில வாரங்களுள் அவ்வைவரும் நாடறிந்தவராயினர். 2004இல் பீல் காலமானபின் அவருடைய கல்லறைக் கல்லில் அப்பாட்டின் வரி ஒன்று பொறிக்கப்பட்டது.

அண்டர்டோன்ஸ் குழு நான்கு இசைத்தட்டுகளை வெளியிட்டபின் 1983இற் கலைந்தது.  பள்ளி வயதிற் கூடியவர்கள் இருபத்தைந்தை நெருங்கிவிட்டனர், ஆளுக்கொரு வழி தென்பட்டது.

அந்த 1983ஆம் ஆண்டு இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் வரலாற்றிலும் ஓர் எல்லைக்கல். அதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அம்பாறையில் முளைத்தது 1970களின் தொடக்கத்திற் பரவலாயிற்று. ஏ. ஈ. மனோகரன் மேடையில் ஆடிப் பாடி மக்களைக் கவர்ந்தார். திருகோணமலையிற் பரமேஷ், கோணேஷ் என்னும் சகோதரர் குழு அமைத்துத் தாமே பாட்டெழுதி இசைத்தட்டும் வெளியிட்டனர். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என எங்கும் மேடைகள். வானொலியில் துள்ளிசை என்ற பெயரில் ஒலிபரப்பு. மனோகரன் தமிழகத்திற்குக் கொண்டு சென்ற 'சுராங்கனி' அங்கு மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது இடம்பெற்றது. இலங்கையிலிருந்து சென்னைக்குப் பாட்டு ஏற்றுமதியான அரிய நிகழ்ச்சி அது. எப்போதும் மறுதிசையிலேயே கப்பல் ஓடியிருக்கிறது.

அதே 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஒலிநாடாப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு வந்தன. அவற்றோடு சென்னைத் திரைப்பாடல்களும் வந்து குவிந்தன. 1979 முதல் தொலைக்காட்சியும் வந்தது. உள்ளூர்ப் பாடகனுக்கு இருந்த இடம் சுருங்கியது. அதன்மேல் 1983 ஜூலையின் வன்செயல் வந்தது. தமிழ்ப் பாட்டு மேடைக்குக் கொழும்பில் இடமில்லாது போயிற்று; பாடகரும் வாத்தியக்காரரும் கேட்போரும் நாடு நாடாகச் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் தமிழகத்தையே தம் வாழிடமாக்கிக்கொண்டு 2018 ஜனவரி 22ஆம் நாள் சென்னையிற் காலமானார். ஓர் இசைவகை தளிர்த்து, பூத்து, உதிர்ந்ததற்கு மொத்தம் பதினைந்து ஆண்டுகள்.

இவ்வளவும் நிகழ்ந்தபோது கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊர்கள் கேட்போராக மட்டும் இருந்தனவா என்ற வினா எழுகிறது. இசை அவ்வூர்களுக்குப் புதிதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும்போது, பக்கீர்மார் றபான் தட்டிப் பைத்துப் பாடுவர். திடலெங்கும் நாகூர் ஹனிபாவின் கணீரென்ற குரல் ஒலிபெருக்கியிற் கேட்கும். கல்யாணத்திலும் சுன்னத்துச் சடங்கிலும் பெண்கள் குரவையிடுவர். விருந்தினரை வரவேற்க ஆண்கள் களிகம்பு அடிப்பர். இணை இணையாக நின்று, சுற்றிச் சுழன்று, எதிரில் உள்ளவன் கம்பிலே தன் கம்பைத் தட்டித் தாளம் காட்டும் அவ்வாட்டத்தைப் பார்த்தவர்க்கு, இவ்வூர் இளைஞருக்குத் தாள உணர்வை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என்பது விளங்கும்.

ஆயினும் நரம்புக் கருவி இவ்வூர்களில் அத்துணை எளிதாக நுழையவில்லை. இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. றபானை ஏற்று ஏனையவற்றை விலக்குவோர் உளர். யாவற்றையும் விலக்குவோர் உளர். நல்ல சொல்லைப் பாடினாற் குற்றமில்லை என்போரும் உளர். எனவே ஓர் இளைஞன் கிற்றாரைத் தூக்கினால் அது அவன் ஒருவனது விருப்பமாக முடிவதில்லை. வீட்டிற் பேச்சாகும்; பள்ளிவாசல் முற்றத்திலும் பேச்சாகலாம். இவ்வாறிருந்தும் ஆண்டிறுதிக் கலைவிழா, விளையாட்டுக் கழகத்தின் கூட்டம், நண்பனின் கல்யாண இரவு ஆகியவற்றில் நான்கைந்து இளைஞர் கூடிப் பொப்பிசை பாடும் வழக்கம் அம்பாறைக் கரையெங்கும் இருந்து வந்திருக்கிறது. அத்தகைய குழுக்களின் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே.

ஏன் அவ்வளவு குறுகிய ஆயுள் என்பதற்கு, களிகம்புக் குழுவோடு ஒப்பிட்டாலே விடை கிடைக்கும். களிகம்பை அண்ணாவியார் ஒருவர் பழக்குகிறார். ஆடுபவன் ஒருவன் ஊரைவிட்டுப் போனால் அவனுடைய தம்பி அவ்விடத்தில் நிற்பான். அண்ணாவியார் மறைந்தால் மகனோ மாணவனோ கம்பை எடுப்பான். பாட்டு எவருக்கும் உரியதன்று. முறை எல்லாருக்கும் உரியது. ஆகவே ஆள் மாறியும் குழு வாழ்கிறது. பொப்பிசைக் குழு அப்படியன்று. அது நான்கு நண்பர்கள். அந்த நால்வரின் குரலும் வேடிக்கையும் சண்டையுமே அதன் முறை. ஒருவன் போனால் அவ்விடத்தில் வேறொருவனை நிறுத்தலாம். ஆனால் நிற்பது வேறு குழு. டெறி இளைஞருக்கும் இதுவே நேர்ந்தது. 1999இல் அண்டர்டோன்ஸ் மீண்டும் கூடியபோது பாடகர் வேறொருவர். கேட்க வந்தவர்கள் பழைய பாட்டுகளுக்காகவே வந்தனர்.

கல்முனைக் கரையில் அந்த நால்வரைப் பிரிக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 1970களின் இறுதியிலிருந்து வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்பு இவ்வூர் இளைஞரை அழைத்தது. மேளம் அடித்தவன் குவைத்துக்கும் பாடியவன் சவூதிக்கும் போனபின், ஊரில் எஞ்சிய கிற்றார்க்காரன் என் செய்வான்? மணமான இளைஞன் மாமியார் வீட்டிற் குடியேறியபின் இரவில் ஒத்திகைக்குப் புறப்படுவது எளிதன்று. பாட்டில் வந்த மாமி வேறு, வீட்டில் இருக்கும் மாமி வேறு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை நீண்ட போரில் ஊரடங்குச் சட்டமும் சோதனைச் சாவடியும் இரவு நிகழ்ச்சிகளை முடக்கின. அதனினும் கொடியது, அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கிய காலம். அம்பாறை விடுதியில் நிகழ்ந்ததைப் போன்று அயலவனின் தாளத்தைக் கேட்டுக் கற்கும் வாய்ப்பு, வேலி ஒன்றே இடைப்பட்ட வீடுகளிடையேயும் அருகிப் போயிற்று.

குறுகிய ஆயுளை மட்டும் நொந்துகொள்வது பொருந்தாது. 1969, 1970ஆம் ஆண்டுகளில், அதாவது அம்பாறைப் பாட்டுகள் வாய்மொழியாகப் பரவிய அதே காலத்தில், எம். ஏ. நுஃமான் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்னும் கவிதைக் காலாண்டிதழை நடத்தினார். சில இதழ்களோடு அது நின்றது. எனினும் ஈழத்துக் கவிதையை ஆராய்வோர் இன்றும் அதனைக் குறிப்பிடுகின்றனர். அச்சேறிய தாள் எங்கோ ஒரு பெட்டியில் இருந்தாற் போதும். இலங்கைத் தமிழ் வெளியீடுகளை 2005 முதல் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் அதனைத் தேடிப் பிடித்துவிடும். அந்நாட்களில் நால்வர் கூடிப் பாடிய பாட்டுக்கு அத்தகைய பெட்டி இல்லை. இருந்த சில ஒலிநாடாக்கள் உப்புக்காற்றிற் பூஞ்சணம் பிடித்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்தன. மனிதரை இழந்த வீட்டில் ஒலிநாடாவைப் பற்றி எவரும் பேசுவதில்லை, பேசுவது முறையுமன்று. ஆனால் கல்யாணப் படங்களும், பள்ளிச் சான்றிதழ்களும், வளைகுடாவிலிருந்து வந்த ஒலிநாடாக் கடிதங்களும், நண்பர் கூடிப் பாடியவையும் ஒரே அலமாரியிலேதான் இருந்தன.

இதே கரையிற் காரைதீவில் 1892இற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழரின் யாழ் எவ்வாறு இருந்தது, எவ்வாறு இசைத்தது என்பதை அறிய அவர் பல்லாண்டு உழைத்தார். 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறிய அடுத்த மாதமே மறைந்தார். ஒரு காலத்தில் வீதிதோறும் ஒலித்த கருவியின் நரம்புகள் எத்தனை, அவை எச்சுரத்தில் நின்றன என்பதைக் கண்டறிய இருபதாம் நூற்றாண்டில் ஒரு பேரறிஞர் சிலப்பதிகார உரையையும் கணிதத்தையும் துணைக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று யாழ் மீட்டியவர்களும் தம் இசை மறையும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். கேட்டவர்களுக்கோ அது அன்றாட நிகழ்ச்சி.

பொப்பிசைக்கு அவ்வளவு பெருமை கேட்பது மிகையாகத் தோன்றலாம். மாமியையும் கள்ளுக்கடையையும் பாடியதை யாழோடு ஒருங்கு வைப்பதா என்று பெரியோர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் 1968இல் ஓர் இலங்கைத் தமிழ் இளைஞன் எப்படிப் பேசினான், எதற்குச் சிரித்தான், அயலவரிடம் எதைக் கற்றான் என்பதை அறிய விரும்பும் ஒருவருக்கு அக்காலத்து மெல்லிசை மேடைகளின் செம்மையான பாடல்கள் அதிகம் சொல்லமாட்டா. விடுதி அறையிற் பிறந்த இப்பாட்டு சொல்லும். அதனோடு ஒத்த காலத்திற் சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ ஓரிரவு மட்டும் பாடப்பட்ட பாட்டும் சொல்லக்கூடியதே. அவற்றைப் பாடியவர்களுட் பலர் இன்று பேரப்பிள்ளைகளுடன் அவ்வூர்களிலேயே இருக்கின்றனர். கேட்டால் முதலில் வெட்கப்படுவர். இரண்டாவது முறை கேட்டால் மேசையில் தாளம் போடுவர்.

1978இல் டெறி இளைஞர் தம் பாட்டைப் பதிய 200 பவுண் தேடவேண்டியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்காக வேறொரு நகருக்குச் செல்லவும் நேர்ந்தது. இன்று நிந்தவூரில் ஒரு பேரனின் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி அதே வேலையைச் செலவின்றிச் செய்துவிடும். பாட்டனார் பாடி முடித்தபின் அவர் பெயர், உடன் பாடியவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் அவர் குரலிலேயே சொல்லச் செய்து சேர்த்துக்கொள்வதற்கு மேலும் அரை நிமிடம் ஆகும்.